உப்புத் தண்ணீரில் ஒரு கட்டி

மாடத்தில் இருந்த பாட்டிலின் மூடி மறுபடியும் கழன்று கிடந்தது. காலையில்தான் இருசப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை இறுக்கியிருந்தான்.

உள்ளே இருந்தது அவன் மனைவி தனக்கொடியின் கழுத்திலிருந்து எடுத்த கட்டி. பாகூர் டாக்டர் அதை அறுத்து, மருந்துத் தண்ணீரில் போட்டு அவன் கையிலேயே கொடுத்திருந்தார். "டியூமர்னா எல்லாமே கேன்சர் இல்லப்பா. சாதாக் கட்டின்னா இருந்த எடத்துலயே இருக்கும். கெட்டதுன்னா செல்லு அடங்காம பெருகிக்கினே போவும், பரவும். பாண்டி பெரியாஸ்பத்திரில குடு, பார்த்துச் சொல்லுவாங்க."

கிருமாம்பாக்கத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த மருந்து நெடி தனக்கொடிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இருசப்பனுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மருந்தைக் கொட்டிவிட்டு, கருவாட்டுக்குப் போடுவதுபோல் ஒரு கை கல்லுப்பு போட்டுத் தண்ணீர் ஊற்றிவைத்தான். கெட்டுப்போகாமல் இருந்தால் சரிதானே என்று நினைத்த பாழாய்ப்போன புத்தி! அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. கடலூர் ரோட்டில் வெள்ளம் ஏறி பாண்டி பஸ் நின்றுவிட்டது.

கொட்டைப்பாக்கு அளவில் வந்த கட்டி இப்போது எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. தண்ணீரில் ஊறி உப்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மதியமே இருட்டிக்கிடந்த வீட்டில், ஓட்டு இடுக்கில் சொட்டும் நீரின் சத்தத்துக்கும் ஈர விறகின் புகைக்கும் நடுவே, யாரோ கஞ்சியை மெதுவாக உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் மாடத்துப் பக்கமிருந்து விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னாய்யா, இன்னும் கொஞ்சம் சோறு போடேன். துன்னத் துன்ன பசிக்குது."

மூன்றாம் தடவை கேட்கிறாள். போட்டான். தட்டைப் பிடித்த அவள் கையில் எலும்புதான் தெரிந்தது. அவள் விழுங்கினாள். மாடத்தில் உறிஞ்சும் சத்தம். மறுபடி விழுங்கினாள். மறுபடி சத்தம்.

அவன் எழுந்து போய்ப் பார்த்தான். கட்டியிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தன, அவள் பாய் இருக்கும் பக்கமாக. பாட்டிலைத் திருப்பிவைத்தான். அவன் கண்ணெதிரிலேயே வேர்கள் மெல்ல வளைந்து மறுபடியும் அவள் பக்கம் திரும்பின.

பாண்டியில் இனி யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ரோடு காய்கிறவரை அவள் தாங்கமாட்டாள். இதை ஒழித்தால்தான் அவள் பிழைப்பாள்.

தனக்கொடி கண்ணயர்ந்ததும் அடுப்பை ஊதிக் கிளப்பினான். பாட்டிலில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டு, கட்டியை அதற்குள் கவிழ்த்தான். சொய்யென்றது. சுருங்கியது. விறகால் அழுத்தினான். கருகியது. சத்தம் நின்றது.

நிம்மதியில் வாய்விட்டு அழுதான்.

"யோவ்."

பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் வலி எதுவும் இல்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

"யார் வூட்டுலய்யா கறி சுடறாங்க? நல்லா வாசன வருது. எனக்குப் பசிக்குது."

அவள் கழுத்துக் கட்டுத்துணி நடுவில் கறுத்து, ஓரம் ஓரமாகச் சுருண்டுகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து புகை வந்தது.