பிளந்த நகம்

செத்துப்போன மாமாவின் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பூட்டிவிட்டுக் கிளம்பத்தான் அக்காவும் தம்பி ஒல்லியும் வந்திருந்தார்கள். பரணிலிருந்த தகர டப்பாவை ஒல்லி மட்டும் இறக்காமல் இருந்திருந்தால், மழை விட்டதும் போயிருப்பார்கள்.

டப்பா நிறையத் தோட்டாக்கள். கடைச் சரக்கு இல்லை. ஈயத்தை உருக்கி மாமாவே அச்சில் வார்த்தவை.

"சொத்துன்னு இதைத்தானா விட்டுட்டுப் போனாரு? பழைய இரும்புக் கடைக்குப் போட்டுடலாம்க்கா."

"சும்மா இருடா."

பட்டறையில் அளவு பார்ப்பவள் அக்கா. கைக்கு எது வந்தாலும் அளக்காமல் விடமாட்டாள். ஆனால் இன்று அளக்கவில்லை. அவள் பையில் இன்னொரு தோட்டா இருந்தது. அப்பாவின் மார்பிலிருந்து எடுத்தது.

காட்டில் எவனோ குறி தவறிச் சுட்டுவிட்டான் என்று சொன்னவர் மாமா. பிறகு இரண்டு பிள்ளைகளையும் தோளில் போட்டு வளர்த்தவரும் அவர்தான். அந்த 'எவனோ' யார் என்ற கேள்வி அக்காவைத் தூங்கவிட்டதே இல்லை.

ஒரு தோட்டாவைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் பிறை மாதிரி ஒரு தடம், நடுவில் அறுந்து.

வார்த்து எடுத்ததும் மாமா கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். பதிந்தால் ஈயம் நல்ல பதம். அவருடைய நகம் நடுவில் பிளந்திருக்கும்.

எல்லாத் தோட்டாவிலும் அதே தடம்.

அப்பாவின் தோட்டா முனை நசுங்கிக் கிடந்தது. அடியில் கறுப்பாக அப்பியிருந்த அழுக்கை முந்தானையால் தேய்த்தாள்.

அறுந்த பிறை.

"அக்கா... மாமாவா?"

"அம்மாகிட்ட மூச்சு விடாதே. தாங்கமாட்டாங்க."

மாமாவின் அடுப்பையே பற்றவைத்தார்கள். அவருடைய இரும்புச் சட்டியிலேயே எல்லாவற்றையும் போட்டார்கள், அப்பாவின் தோட்டாவையும் சேர்த்து. ஈயம் இளகி, கண்ணாடி போல மின்னியது.

சுருட்டு வாசனை வந்தது.

"நீ குடிக்கிறியாடா?"

"சத்தியமா இல்லக்கா. இது மாமாவோட..."

அடுப்பை அணைத்துவிட்டு, சாரல் அடித்த ஜன்னலைச் சாத்தப் போனாள். முதுகுக்குப் பின்னால் யாரோ நிதானமாக மூச்சை இழுத்துவிட்டது போலிருந்தது.

திரும்பினாள். யாரும் இல்லை. சட்டிக்கு அந்தப் பக்கம் ஒல்லி மட்டும் நின்றான்.

ஈயம் உறைந்து ஒரே வில்லையாகியிருந்தது. நடுவில் அந்தத் தடம்.

"தொட்டியா?"

"கொதிக்குதுக்கா. எந்தப் பைத்தியக்காரன் தொடுவான்?"

சொல்லிக்கொண்டே மார்பைத் தடவினான்.

"இங்க என்னமோ குத்துது."

அக்கா அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள்.

நெஞ்சுக்கு நேரே, சிவப்பாக, நடுவில் அறுந்த பிறை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் உள்ளே அமுங்கியது. பதம் பார்ப்பது போல.