அம்மாவாசையின் கை

1987ஆம் வருடம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ராஜாங்கத்தின் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும் வீட்டுக்கு டேப் ரெக்கார்டரோடு போனேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவரின் பழைய மாடி வீடு அது. உயரமான கூரை, பாதி சாத்திய பச்சை ஜன்னல்கள், சுவரெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசம். பேசினால் குரல் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வரும்.

அம்மாவாசை எனக்கு முன்பே வந்து, மடியில் டோலக்கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். மில்லில் வேலை பார்த்தவன். மில் மூடிய பிறகு அந்த டோலக்தான் அவன் வீட்டில் உலை வைத்தது.

"எதுக்குணா ஒவ்வொண்ணா அடிக்கச் சொல்றீங்க?"

"சும்மா, டெஸ்ட்டுக்குத்தான்."

பதினாறு விதமான அடிகளை அடித்துக் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூச்சை மெல்ல உள்ளே இழுத்தான்.

என் பெயர் கன்னியப்பன். உழவர்கரையில் குடியிருந்தேன், ஒரு கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை. ராஜாங்கம் கேட்டதற்காக ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தேன். மேலே நாலுக்கு நாலாகப் பதினாறு பட்டன்கள். உள்ளே ஒரு மைக்ரோகண்ட்ரோலர். எந்தப் பட்டன் அழுந்துகிறது என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அழுந்தியதும், சிப்பில் பதிந்து வைத்த அடியை எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். விரல் இருக்கிற யாரும் தட்டலாம். டோலக்குக்கு ஆள் வேண்டாம்.

அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

மாசி மாதம் தவளக்குப்பத்தில் கோயில் திருவிழாக் கச்சேரி. பெட்டியை வேனிலிருந்து மேடைவரை சுமந்து வந்தவனே அம்மாவாசைதான். அவன் டோலக்கை உறையிலிருந்து எடுத்தபோது ராஜாங்கம் எல்லோர் எதிரிலும் சொன்னான்.

"யோவ், அத்த மூடி வை. இனிமே நீ தேவையில்ல. உன் அடியெல்லாம் இந்தப் பொட்டிக்குள்ள கீது. கீழ போயி குந்திக்கினு கேளு."

குழுவில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான். தன் கையின் ஓசை ஸ்பீக்கரில் வருவதைக் கேட்டபடி, என்னையே பார்த்துக்கொண்டு, முழங்கால்களில் தாளம் போட்டான். நாலாவது பாட்டில் கைகள் நின்றன. பெட்டி இன்னும் இரண்டு பாட்டுகளுக்கு அவன் அடிகளை வாசித்தது. பிறகுதான் பக்கத்தில் இருந்தவர் அவன் தோளைத் தொட்டார். சாய்ந்தான். கண்கள் மட்டும் என் பக்கமே திறந்திருந்தன.

நெஞ்சு வலி என்றார் டாக்டர்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் மனைவி அமிர்தவல்லி என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, அவரு அடிச்சதெல்லாம் அந்தப் பொட்டியில இருக்குதாமே. ஒரே ஒருதபா கேட்டுட்டுப் போயிடறேன்."

"ரிப்பேர் ஆயிடுச்சிம்மா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழம வா."

பொய். கச்சேரிக்குப் பிறகு என் வீட்டுக்கே திரும்பி வந்த பெட்டி நன்றாகத்தான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கிப் பத்து நாள் ஆகியும் நன்றாக இருந்ததுதான் என் பயம்.

பட்டப்பகலில் உள்ளறையிலிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் வரும்.

எட்டிப் பார்ப்பேன்.

பட்டன்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய், மேலே வரும்.

யாரோ விரல் பழகுவதுபோல.

அழித்துவிட முடிவு செய்தேன். அந்தச் சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதில் விடாமல் வெயில் பட்டால் உள்ளே பதிந்தது போய்விடும். மொட்டை மாடியில் வைத்தேன். ஒரு வாரம் பங்குனி வெயில். லேபில் சோதித்தேன்; சிப் வெறுமையாக இருந்தது. டேப்பையும் கொளுத்தினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அமிர்தவல்லி வந்தாள். தலைக்குக் குளித்து, துவைத்த புடவை கட்டியிருந்தாள். பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டு முதல் பட்டனை அழுத்தினாள். சத்தமில்லை. இரண்டாவது. மூன்றாவது. பதினாறையும் அழுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தாள்.

"யாருணா அழிச்சது?"

"தானா அழிஞ்சிடுச்சிம்மா."

அவள் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசல்வரை போயிருப்பாள்.

மேஜைமேல் கிடந்த என் வலது கை ஒருமுறை தட்டியது.

நான் தட்டவில்லை.

அப்புறம் இடது கை.

நான் ஆயுளில் டோலக் தொட்டதில்லை. ஆனால் அது அம்மாவாசையின் அடி. அவள் நின்றாள். திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தாள்.

"வந்துட்டியா?" என்றாள்.

இப்போது சித்திரை. கைகள் சுவரில் அடிக்கின்றன, சோற்றுத் தட்டில் அடிக்கின்றன. துண்டால் கட்டினால் துண்டோடு கட்டிலில் அடிக்கின்றன. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நான் தூங்கினேன், கைகள் தூங்கவில்லை என்று என் மனைவி செல்வாம்பாள் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். என்னால் பேனா பிடிக்க முடியாது. உள்ளங்கைத் தோல் உரிந்து, விரல் நுனிகளில் எலும்பு தெரிகிறது.

அமிர்தவல்லி தினமும் உச்சி வெயிலில் டோலக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். என் மடியில் வைக்கிறாள். என்னை 'நீங்க' என்கிறவள், கைகளிடம் 'நீ' என்றுதான் பேசுகிறாள்.

"போதும்னு சொல்லு தங்கச்சி. உன் கால்ல வேணா வுழறேன்" என்று அழுதேன்.

"எனுக்கு இன்னும் போதலணா" என்றாள், கண்களை மூடியபடி.

நேற்று அவள் குனிந்து, மெல்லிய குரலில் கைகளிடம் கேட்டாள்.

"இன்னும் எத்தினி நாளு இங்க இருப்ப?"

கைகள் ஒரு கணம் அசையாமல் கிடந்தன. பிறகு ஒவ்வோர் அடியாக, நிதானமாக அடிக்க ஆரம்பித்தன. அவள் உதடுகள் எண்ணின. நூறு தாண்டியது. ஐந்நூறு தாண்டியது. டோலக்கின் தோல் சிவந்து, வழவழத்து, ஓசை மந்தமானது. செல்வாம்பாள் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வெயில் சாய்ந்ததும் அமிர்தவல்லி எழுந்து, புடவையை உதறிக்கொண்டாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

"நேரமாயிடுச்சி. நாளிக்கு வந்து மீதிய எண்ணிக்கிறேன்ணா" என்றாள்.

கைகள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.