சித்தப்பாவின் படம் சாய்ந்த பக்கம்

கூடத்தில் மாட்டியிருந்த சித்தப்பாவின் படம் அன்று காலையும் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அப்பா ஒரு விரலால் அதை நேராக்கினார். ஆணி தளர்ந்திருக்கும் என்றார். பதினாறு வயது மகள் ஆணியை ஆட்டிப் பார்த்தாள். அசையவே இல்லை.

அப்பா இதய அறுவை மருத்துவர். தம்பியின் இதயம் ஓய்ந்துபோனபோது, கூடப் பிறந்தவனை வேறொருவன் கத்திக்குக் கொடுக்க மாட்டேன் என்று தானே அதில் ரத்தத்தை ஓட்டும் மின்சாரப் பம்பு ஒன்றைப் பொருத்தினார். அதன்பின் சித்தப்பாவுக்கு நாடியே கிடையாது. ரத்தம் துடிக்காமல் குழாய்த் தண்ணீர்போல ஓடிக்கொண்டே இருந்தது. வயிற்றிலிருந்து வெளிவரும் ஒயரைப் படுக்கும்போது சுவரில் செருகிக்கொள்வார். அவள் காதைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்துவார். மெல்லிய ரீங்காரம் கேட்கும்.

"பாரு கொசு, உள்ள உனக்கு ஒரு தங்கச்சி" என்று சிரிப்பார். கொசு என்பது அவர் அவளுக்கு வைத்த செல்லப்பெயர்.

ஒரு நாள் அந்த ரீங்காரம் உரசியது, மணல் சிக்கிய மின்விசிறி மாதிரி. அவள் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று அப்போது புரியவில்லை. பம்பின் வாய் இதயத்தின் நடுவைப் பார்க்காமல் இதயச் சுவரின் பக்கம் திரும்பியிருந்ததாம். மூலையில் தேங்கிய ரத்தம் கட்டியாகிப் பம்பை அடைத்தது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் சித்தி அழவில்லை. அப்பாவின் எதிரே வந்து நின்றாள்.

"பம்பு சாஞ்சிருக்குன்னு ஆபரேஷன்ல கூட இருந்த டாக்டர் அப்பவே சொன்னாராமே, மாமா."

"கொஞ்சம் சாய்வுதான். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"சரி. உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது" என்றாள் சித்தி.

படத்தை நேராக்கிய அன்று இரவு, தாய்வீட்டுக்குப் போன சித்திக்குத் துணையாக அம்மா போயிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. மகள் முதலில் ஃபிரிட்ஜ் என்று நினைத்து அதை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை, நடைவழியெங்கும் மருத்துவமனை ஸ்பிரிட்டும் சூடேறிய ஒயரும் கலந்த வாடை மிதக்க, எங்கோ ஒரு கொசு விடாமல் பாடிக்கொண்டிருப்பதுபோல அது சுவரோடு சுவராக ஊர்ந்து போனது. பின்தொடர்ந்தாள். கூடத்தில் படம் மறுபடியும் இடது பக்கம் சாய்ந்திருந்தது. பூட்டிக் கிடந்த சித்தப்பாவின் அறைக் கதவுக்கடியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் வெளியே வந்திருந்தது. அவரோடு எரிந்துபோன ஒயர். அதன் மறுமுனை அப்பாவின் அறைக்குள் நுழைந்திருந்தது.

பிடுங்கக் குனிந்தாள். கை நின்றது.

பிடுங்கினால் எது நிற்கும்?

உள்ளே போனாள். அப்பா இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்தார். ஒயர் அவர் சட்டைக்கடியில் மறைந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை. கை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. நெஞ்சில் காதை வைத்தாள்.

ரீங்காரம்.

அப்பாவின் உதடு அசைந்தது. குரல் அவருடையது இல்லை.

"தங்கச்சி நல்லாருக்காளா, கொசு?"

ரீங்காரம் உரசத் தொடங்கியது. அப்பாவின் கண் திறந்தது. அந்தக் கண் மட்டும் அப்பாவுடையது. அது அவளைக் கெஞ்சியது.

திறந்த கதவுக்கு அப்பால் கூடம் தெரிந்தது. சித்தப்பாவின் படம் இப்போது தானாகவே நேராக இருந்தது.