திரையோரம் ஒரு கட்டைவிரல்

மைத்துனன் கோகுலகிருஷ்ணன் சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, குருமூர்த்தி வாசலில் குந்தி மகளின் ஸ்கூல் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் ஓட்டு வீடுகளில் அது மூன்றாவது வீடு. மனைவி பானுமதி இருந்தவரை, தம்பி தெருமுனையில் திரும்பும்போதே அவள் குரல் போய் அவனைக் கூட்டிவந்துவிடும். அவள் செத்துப்போய் எட்டு மாதமாகிறது. கோகுலகிருஷ்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, லேப்டாப் பையோடு உள்ளே போனான்.

அவனை வரச்சொன்னதே ஒரு படம்தான். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் குடும்பத்தை வரையச் சொல்லியிருக்கிறார். மகள் தென்றல் அப்பாவை வரைந்தாள், தன்னை வரைந்தாள். அம்மா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய கட்டைவிரலை வரைந்து வைத்துவிட்டு வந்தாள். டீச்சர் குருமூர்த்தியைக் கூப்பிட்டு அனுப்பி, நோட்டைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பானுமதியின் போனில் நானூற்றுப் பன்னிரண்டு வீடியோ இருக்கிறது. மகள் குப்புற விழுந்தது, நடந்தது, மாசி மகத்தன்று மணிமுத்தாற்று மணலில் உருண்டது, ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் யாரோ ஒரு பாட்டியின் மடியில் தூங்கிப்போனது. எல்லாவற்றையும் எடுத்தது பானுமதி. அதனால் ஒன்றில்கூட அவள் இல்லை. போனைச் சரியாகப் பிடிக்க அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. ஒவ்வொரு படத்திலும் வலது மூலையில் அவளுடைய கட்டைவிரல் நுனி வந்து நிற்கும். பொம்மைக் கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிற வேலை அவளுக்கு. அந்தந்த வாரத்து ஆர்டருக்கு ஏற்ப நகத்தில் சிவப்போ மஞ்சளோ ஒட்டியிருக்கும். மகளுக்குத் தெரிந்த அம்மா இப்போது அந்த விரலும், படத்துக்குப் பின்னாலிருந்து கேட்கிற குரலும்தான்.

கல்யாண ஆல்பம் ஒரு புயல் மழையில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிட்டது. காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமென்று, ஆதார் கார்டில் இருந்த முகத்தை எடுத்து, யாருடைய பட்டுப்புடவையையோ கழுத்துக்குக் கீழே சேர்த்து ஸ்டுடியோவில் ஒன்று செய்து கொடுத்தார்கள். சுவரில் மாட்டியிருக்கிற அதைப் பார்த்துத் தென்றல் ஒருநாள், "இந்த அத்தை யாருப்பா?" என்று கேட்டாள். குருமூர்த்தி அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

இப்போது அந்தப் போனும் சாகக் கிடந்தது. பேட்டரி உப்பி, பின்மூடி வாய் பிளந்துவிட்டது. சார்ஜர் ஒயரைப் பிடுங்கினால் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. அதற்குள் இருப்பதையெல்லாம் காப்பாற்றி, வீட்டு டிவியில் பார்க்கிற மாதிரி செய்து கொடுக்கத்தான் கோகுலகிருஷ்ணன் வந்திருந்தான்.

டிவி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த பதினாலு இன்ச் டியூப் டிவி. ஊரே அதைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டுச் சுவரில் மாட்டுகிற டிவிக்குப் போய்விட்டது. அம்மா வீட்டிலிருந்து தன்னோடு வந்தது என்று பானுமதி மட்டும் அதை விடவில்லை. குருமூர்த்தியும் இனிமேல் விடப்போவதில்லை.

கோகுலகிருஷ்ணன் லேப்டாப்பை உள்ளறையில் பீரோமேல் வைத்தான். டிவிக்குப் பின்னால் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைப் பொருத்தி, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று ஒயர்களைச் செருகினான்.

"எல்லாத்தையும் லேப்டாப்புல ஏத்திட்டேன் மாமா. ரிமோட்ட அமுக்குனா வைஃபைல டிவிக்கு வந்துடும். அக்கா போன்ல புதுசா எது எடுத்தாலும் அதுவும் தானா இதுல சேந்துடும்."

டிவி மெல்ல விழித்தது. முதலில் காதுக்குள் ஊசி இறங்குவதுபோல ஒரு கீச்சொலி, பிறகு கண்ணாடியில் பொரிகிற சத்தம், சூடேறும் தூசியின் வாசனை. அப்புறம் படம். மணிமுத்தாற்று மணலில் இரண்டு வயதுத் தென்றல் உட்கார்ந்திருக்க, பானுமதியின் குரல் அந்தச் சின்ன அறை முழுவதும் கேட்டது. "கண்ணு, இங்க பாரு. அம்மாவப் பாரு."

கோகுலகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்தான். தென்றல்தான் முதலில் பேசினாள்.

"அம்மா வெரல் எங்கப்பா?"

மூலையில் விரல் இல்லை. பழைய டியூப் டிவி எல்லாமே படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும், ஓரத்தில் இருப்பது இதில் வரவே வராது என்று மாமன்காரன் சொல்லிப் பார்த்தான். குழந்தைக்கு அது புரியவில்லை. தன்னிடம் மிச்சமிருந்த அம்மாவையும் வெட்டிவிட்டார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது. அழுதழுது அப்படியே தூங்கிப்போனாள்.

லேப்டாப்பை இங்கேயே விட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு அவன் போய்விட்டான். அதன்பிறகு தினமும் சூளை வேலை முடிந்து வந்ததும் குருமூர்த்தி டிவியைப் போட்டான். விரல் இல்லாவிட்டாலும் குரல் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தென்றல் சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் எழுதினாள். செத்துப்போன வீடு கொஞ்சம் மூச்சுவிட்டது.

ஒன்றுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. எந்த வீடியோவில் நிறுத்தினாலும், மறுநாள் போட்டால் அது ஒரே வீடியோவில் வந்து நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்டது. தென்றலின் ஐந்தாம் பிறந்தநாள் வீடியோ. அதில் இரண்டு நிமிஷம் பதினாலாவது வினாடி.

அதை அவன் ஒருதரம்கூடத் திறக்கவில்லை. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவசரமாக வேறொன்றுக்குத் தாவிவிடுவான். மறுநாள் மறுபடியும் அதே கேள்வி, அதே பதினாலாவது வினாடி.

இரண்டாவது வாரம் வாசனை வந்தது. ஈரக் களிமண்ணும் பெயிண்ட்டும் கலந்த வாசனை. பொம்மைக் கம்பெனியிலிருந்து பானுமதி வந்து சேலை மாற்றும்வரை அவள்மேல் வீசுகிற வாசனை அது. இந்தப் பக்கமே அந்த வேலைதான், காற்றில் வந்திருக்கும் என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். சன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

வாசனை கூடியது.

அன்றைக்கு டிவியில் மறுபடி மணிமுத்தாற்று வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தென்றல் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைநிமிர்ந்தாள்.

"வெரல் வந்துருச்சுப்பா."

வலது மூலையில், டிவி வெட்டிவிடுகிற அந்த ஓரத்தில், கட்டைவிரல் நுனி இருந்தது.

குருமூர்த்திக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம்தான் நகத்தைப் பார்த்தான்.

நகம் நீலமாக இருந்தது.

உள்ளே ஓடிப்போய், சார்ஜரில் கிடந்த அவள் போனில் அதே வீடியோவைத் திறந்தான். அதிலும் விரல் இருந்தது. ஆனால் நகத்தில் சிவப்புதான் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முந்தைய வீடியோ அது. நீலம் அவளுடைய கடைசி வாரத்து வண்ணம். கிருஷ்ணர் பொம்மை ஆர்டர் ஒன்று வந்திருந்தது. காய்ச்சலோடு போய்ப் பூசிக் கொடுத்தாள். நாலாம் நாள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் முடிந்துவிட்டது. ஐஸ் பெட்டிக்குள் அவள் கிடந்தபோதும் அந்த நீலம் நகத்தில் அப்படியே இருந்ததை அவன் பார்த்திருக்கிறான். அவனைத் தவிர வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

கோகுலகிருஷ்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டான். "அந்த டிவில ஓரம் வராது மாமா. வரவே வராது," என்றான் அவன். பிறகு, நீங்க சரியாத் தூங்குறீங்களா என்று கேட்டான்.

அடுத்த வாரம் பூவாயி வந்து வாசலோடு நின்றாள். பானுமதியோடு ஒரே மேசையில் பொம்மைக்குக் கண் எழுதியவள். ஸ்கூல் விட்டுவரும் தென்றலை அப்பா வரும்வரை தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவள்.

"புள்ள எங்கூட்டுல இருக்க மாட்டேங்குது தம்பி. இங்க வந்து, அமத்தி வெச்ச டிவி முன்னாடி உக்காந்துக்குது. பேசுது. நடுவுல நிறுத்துது, தலைய ஆட்டுது, அப்புறம் பேசுது." குரலைத் தாழ்த்தினாள். "பானு நல்லவதான். ஆனா போனவ போனவதானே. புள்ளையக் கூப்புடப் போறா. அதக் கழட்டிப் போட்டுடுங்க."

அவள் போனபிறகு குருமூர்த்தி பிளக்கைப் பிடுங்கினான். டிவியின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான். காலையிலிருந்து போடாத டிவி சூடாக இருந்தது. வலது மூலையில் கண்ணாடிமேல் வெள்ளையாக ஒரு விரல் தடம். காய்ந்த களிமண். துடைத்தால் போகவில்லை.

உள்பக்கத்தில் இருந்தது.

மகளை மடியில் உட்காரவைத்து, அம்மா உன்னை எங்காவது கூப்பிட்டாளா என்று கேட்டான். அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"உங்களத்தான் கூப்புடுது. அப்பாவ ஒருதரம் எடுக்கச் சொல்லுன்னு."

"எத?"

"அம்மாவத்தான்."

அவனுக்குப் பயம் அந்த இடத்தில் எங்கேயோ விட்டுப்போயிருந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயிலுக்குச் சன்னலைச் சாத்திவிட்டு, மறுபடி பிளக்கைச் செருகினான். விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று அது கேட்டது. இந்தமுறை ஆமாம் என்று அமுக்கினான்.

டிவியில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பேப்பர் கிரீடத்தோடு தென்றல். அவன் வாய் நிறைய கேக். படத்துக்குப் பின்னாலிருந்து பானுமதி, கொஞ்சம் கூச்சத்தோடு, "என்னங்க, என்னையும் ஒருதரம் எடுங்களேன். புதுப்புடவ கட்டியிருக்கேன்ல," என்றாள்.

டிவியில் இருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்புறம் எடுக்கலாம், இரு," என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேக்கை எடுத்தான்.

அவ்வளவுதான். அவள் சரியென்றும் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப்பிறகு பதினேழு நாள் இருந்தாள். கையில் போன் இருந்தது, கண் எதிரில் அவள் இருந்தாள், பதினேழு நாளும் அவனுக்கு அது தோன்றவே இல்லை. குருமூர்த்தி வாய்விட்டு அழுதான். மகள் பார்க்கிறாளே என்றுகூட அடக்கிக்கொள்ளவில்லை.

பிறகு எழுந்து முகம் கழுவினான். பீரோவிலிருந்து அந்தப் புதுப்புடவையை எடுத்தான். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் போட்டு, புடவையை அதன்மேல் விரித்தான். தென்றலை நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கவைத்தான். சார்ஜரிலிருந்து பானுமதியின் போனைப் பிடுங்கி, அதை உயர்த்தினான்.

"பானு, எடுக்குறேன். உக்காரு."

களிமண் வாசனை மூக்கை அடைத்தது. பிளாஸ்டிக் நாற்காலி, ஆள் உட்காரும்போது முனகுகிற மாதிரி, மெதுவாக ஒருமுறை முனகியது.

"கொஞ்சம் கீழ புடிங்கப்பா," என்றாள் தென்றல் சாதாரணமாக. "அம்மா உக்காந்துருச்சு."

அவன் போனைத் தாழ்த்தினான். நாற்பது வினாடி எடுத்திருப்பான். போன் கறுத்து அணைந்தது.

போன் மறுபடி உயிர்பெற்று, அந்த வீடியோ லேப்டாப்புக்குப் போய்ச்சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. போனில் முதலில் பார்த்தான். தென்றல் இருந்தாள். நாற்காலியும் அதன்மேல் புடவையும் இருந்தன. வேறு எதுவும் இல்லை. போனில் வராது, அந்த நீல நகமும் அதில் வரவில்லையே, டிவியில்தான் வரும் என்று சொல்லிக்கொண்டான். மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தான். இன்றைக்கு இவள் அம்மா முகத்தைப் பார்க்கப்போகிறாள் என்று நினைத்தான். பட்டியலில் நானூற்றுப் பதிமூன்றாவதாக இருந்ததை அமுக்கினான்.

கீச்சொலி. பொரிகிற சத்தம்.

டிவியில் நாற்காலி இல்லை.

டிவியில் இருந்தது அவன். அழுது வீங்கிய முகத்தோடு, இரண்டு கையாலும் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் பார்த்து நின்றான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

வலது மூலையில் கட்டைவிரல். நீல நகம்.

"பானு," என்றான். "உன்னத்தாண்டி எடுத்தேன்."

நாற்பது வினாடி முடிந்தது. படம் நிற்கவில்லை.

டிவியில் இப்போது போன் பிடித்தவன் இல்லை. தரையில் ஒரு ஆள் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணை அணைத்துக்கொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குருமூர்த்தி மெதுவாகக் கையைத் தூக்கி வாயைப் பொத்தினான். டிவியில் இருந்தவனும் பொத்தினான்.

டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. புடவை மட்டும் நடுவில் கொஞ்சம் அமுங்கியிருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து, கோபமே இல்லாத, அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல் கேட்டது.

"அப்புறம் எடுக்கலாம், இருங்க."

தென்றல் அப்பாவின் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, படம் எடுக்கும்போதெல்லாம் நிற்பதுபோல நேராக நின்று, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள்.