சாடிக்குள் மடு மண்

கிறிஸ்துராஜா சாடியை உடைத்தது தன் பகிடியால்தான்.

ஏணியில் நின்றபடி, "எங்கட ஊரில இதைக் கள்ளு வாக்கவும் எடுக்கமாட்டினம்" என்றார். சிரிக்க ஆளில்லை. தானே குலுங்கிச் சிரித்தார். முழங்கை பட்டு, கிரேக்கச் சாடியின் கைப்பிடி தரையில் விழுந்தது.

குட்மேய்ஸ் என்ற ஆங்கிலேயப் புறநகரில் நரசிம்மன் புதிதாக வாங்கிய பழைய வீடு அது. சாடிக்குச் சுவரில் தட்டு அடிக்க வந்த தச்சர் கிறிஸ்துராஜாவை அவர் "ஏம்ப்பா" என்று அழைப்பதோடு சரி. பெயரைக் கேட்டவள் அவர் மனைவி வத்சலாதான். அண்ணா என்று அழைத்து, இஞ்சி தட்டிப்போட்டுத் தேநீரும் தந்தாள். இப்போது மாடியில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள்.

பசை தடவி ஒட்டும்போதுதான் சாடியில் இருந்த படத்தைக் கவனித்தார். வாளோடு வந்த வீரனுக்குத் தொப்பி இருந்தது, காலில் சப்பாத்து இருந்தது, இடையில் ஒன்றுமில்லை. தான் வெட்டப்போகிற பெண்ணைப் பார்க்கவும் பயந்து முகத்தைத் திருப்பியிருந்தான்.

"பெரிய வீரன்!"

எல்லோரும் பக்கவாட்டில் நிற்க, அவள் மட்டும் நேரே பார்த்தாள். தலை நிறையப் பாம்பு.

ஒன்று நெளிந்தது போலிருந்தது.

தன்னைத் தானே நக்கலடித்துக்கொண்டாலும், கை பர்ஸுக்குப் போனது. அவர் மன்னார்க்காரர். மடு மாதா கோவில் மண் இருக்கும் இடத்தில் பாம்பு நில்லாது என்று நம்பி வளர்ந்தவர். பர்ஸில் வைத்திருந்த அந்த மண் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகையைச் சாடிக்குள் போட்டார்.

உள்ளே சரசரத்தது.

ஈரச் சுண்ணாம்பும் பழைய எண்ணெயும் கலந்த நாற்றம்.

பிறகு, படிக்கட்டில் சரசரத்தது.

சாடியில் அவள் மொட்டைத்தலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மண் வேலை செய்துவிட்டது. பாம்பு அங்கே நிற்கவில்லை. எங்கே போகும் என்று மட்டும் மாதாவிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை.

பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்.

"சேர், சாடியில இருக்கிற பொம்பிளையின்ர தலையில பாம்பு இருந்ததோ, இல்லையோ?"

நரசிம்மன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெடூசாப்பா. அவளைப் பார்த்தவன் கல்லாயிடுவான்னு கதை. உனக்கெதுக்கு அதெல்லாம்?"

"பாம்பு இருந்ததோ, சேர்?"

"அது ஒரு குறியீடு. மீட்டிங்ல இருக்கேன், கதவைச் சாத்து."

சாடியை வாங்கிய மனிதர் அதிலிருந்த படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்று கிறிஸ்துராஜா வாய்விட்டே ஏசினார்.

மேலே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

வீட்டு வாசல் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஓடியிருக்கலாம், ஓடுவதில் அவருக்கு நல்ல பழக்கமும் உண்டு. அந்த இஞ்சித் தேநீர்தான் விடவில்லை. குனிந்த தலையோடு படியேறினார்.

மேல்படியில் இரண்டு ஈரப் பாதங்கள்.

சொட்டு. சொட்டு.

"தங்கச்சி?"

"அண்ணா, நிமிராதீங்க."

"ஏனம்மா? அந்தப் பாம்புகள் எங்க?"

பல தொண்டைகள் ஒன்றாக மூச்சுவிட்டன. அவள் குரல் மட்டும் தேநீர் தந்தபோது இருந்த அதே மென்மையோடு வந்தது.

"என் தலையில."