புள்ளி ஒட்டாத இடம்

வீட்டில் அவளை எல்லோரும் சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவார்கள். பாலில் ஆடை எப்படிப் படிகிறது என்று பார்க்கப் போய், அடுப்பு முழுக்கப் பாலைப் பொங்கவிட்டவள் அவள். விடுமுறை வந்ததும் அவளை அத்தையின் பட்டறைக்கு அனுப்பிவிட்டு அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அத்தையின் பட்டறையில் செயற்கை இடுப்பு மூட்டுகளுக்குப் பூச்சு பூசுவார்கள். உலோகத் தண்டின் மேல் ஓட்டைகள் போட்ட தகட்டைப் பொருத்தி, உருகும் சூட்டில் பீங்கான் தூளைப் பீய்ச்சுவார்கள். தகட்டை எடுத்தால் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இந்த வேலையைச் செய்பவர் ஸ்ப்ரே மாமா.

"ஏன் மாமா புள்ளி புள்ளியா? மொத்தமா பூசினா வேலை சீக்கிரம் முடியுமே?"

"உடம்புக்குள்ள போனதும் எலும்பு வளர்ந்து இந்தப் புள்ளிங்களைப் பிடிச்சுக்கும். நடுவுல இருக்கிற சந்துலயும் போய்க் கோத்துக்கும். அப்புறம் மூட்டு அசையாது."

எத்தனை கேள்வி கேட்டாலும் மாமா சலித்துக்கொள்ள மாட்டார். அதனாலேயே அவளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் இந்த வாரம், மூட்டுகளுக்கு முன்னால் பூசிச் சோதிக்கும் மாதிரித் துண்டுகள் ஒன்றுகூடத் தேறவில்லை. அத்தை ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிய்த்தால் சில புள்ளிகள் நாடாவோடு வந்துவிட்டன.

"தூளை மாத்தியாச்சு, மெஷினையும் கழட்டிப் பார்த்தாச்சு. தப்பா நினைக்காதீங்கண்ணே, இன்னைக்கும் இப்படியே வந்தா நாளைக்கு இந்த வேலைக்கு வேற ஆளைப் போடணும். ஆஸ்பத்திரியில மூட்டுக்காகக் காத்திருக்காங்க" என்றார் அத்தை.

"சரிம்மா" என்றார் மாமா. அவர் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்து அவளுக்கும் என்னவோபோல் ஆகிவிட்டது.

தேறாத துண்டுகளை எல்லாம் எடுத்து மேசையில் அடுக்கினாள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்தான் புள்ளிகள் போயிருந்தன. முட்டை வடிவத்தில் ஓர் இடம். அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். விரலைவிட அந்த இடம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

பெரியவர்களின் கட்டைவிரலோ? ஆனால் துண்டுகளை மாமா வெறுங்கையால் தொடவே மாட்டாரே. விரலின் எண்ணெய்ப்பசை பட்டால் பூச்சு ஒட்டாது என்று அவளுக்குச் சொன்னவரே அவர்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து, கண் கொட்டாமல் அவரைக் கவனித்தாள்.

மாமா கையைக் கழுவித் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு க்ரீமை எடுத்து இரண்டு கையிலும் தடவினார். பிறகு வலது கையால் இடது கையுறையை இழுத்து இழுத்து மாட்டினார்.

அவளுக்குத் திக்கென்றது. அது அவள் கொடுத்த க்ரீம். கழுவிக் கழுவி வெடித்துப்போன அவர் கைகளைப் பார்த்துப் போன வாரம்தான் கொடுத்திருந்தாள்.

"மாமா, இந்தக் கண்ணாடியை இடது கட்டைவிரலால தொடுங்க."

"எதுக்கு?"

"தொடுங்களேன்."

அவர் கையுறையோடு தொட்டார். அவள் உள்ளே போய், அந்த இடத்தில் வாயால் ஊதினாள். கண்ணாடி மங்கியது. நடுவில் ஒரு கட்டைவிரல் தடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

மாமா கண்ணாடியைப் பார்த்தார். கையுறையைப் பார்த்தார். "அடடா, க்ரீம் கையுறைக்கு வெளியிலயும் பட்டிருக்கு. இந்த விரலாலதானே துண்டைப் பிடிக்கிறேன்!"

"நான் கொடுத்ததுதான் மாமா. உங்க வேலைக்கு நானே உலை வெச்சுட்டேன்."

"நீ கைக்குத்தான் போடச் சொன்னே. மூட்டுக்குப் போட்டது நான்தானே?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இனிமே இதைத் தொடவே மாட்டேன்" என்றார் மாமா.

"ஐயோ, கை மறுபடி வெடிக்கும். வேலை முடிஞ்சு கிளம்புறப்போ போட்டுக்கோங்க."

"அதுவும் சரிதான்."

அவள் ஓடிப்போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாமா சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, புதுத் துண்டில் பூச்சு பூசினார்.

துண்டு ஆறியதும் அத்தை நாடாவை ஒட்டிப் பிய்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் படும் இடத்தில் இன்னொரு தடவை ஒட்டிப் பிய்த்தார். ஒரு புள்ளிகூட வரவில்லை.

அத்தை, மூட்டுகள் இருந்த தட்டை மாமாவின் பக்கம் நகர்த்தினார்.

"எல்லாத்தையும் நீங்களே செஞ்சிடுங்கண்ணே. ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிடறேன்."

மாமா முதல் மூட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சி.ஐ.டி.க்கு வாயெல்லாம் பல்.