வெள்ளைக் கைக்காரி

துயர்மானிப் பட்டை பேச்சித்தாயின் மணிக்கட்டில் வெள்ளையாகவே கிடந்தது. விரலால் சுண்டிப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள். மாறவில்லை. கட்டிலில் படுத்திருந்த ஓரகத்தி சுயம்புக்கனியின் கையிலோ அதே பட்டை கத்தரிக்காய் நிறத்துக்கு நீலம் பாய்ந்து மினுங்கியது.

"என்னளா அங்க நின்னு முழிக்க? சங்கு ஊதியாச்சுல்லா. வெள்ளக்கை வேலைக்குப் போவணும்" என்றாள் மாமியார் இசக்கியம்மாள். அவள் கையில் உளுந்தங்களி, நல்லெண்ணெய் மிதக்க, கருப்பட்டி வாசம் தூக்க. கிண்ணம் பேச்சித்தாயைத் தாண்டிக் கட்டிலுக்குப் போனது.

"எனக்கும்தான் வயிறு இழுக்கு அத்த."

"இழுக்கத்தான் செய்யும். கலைச்ச அன்னைக்கே புரோட்டா தின்ன வயிறுல்லா அது."

அது உண்மைதான். பேச்சித்தாயும் சுயம்புக்கனியும் ஒரே வாரத்தில், தூத்துக்குடி அளக்கரை மருத்துவ மையத்தின் ஒரே அறையில் கருவைக் கலைத்துவிட்டு வந்தவர்கள். சுயம்புக்கனிக்கு அது முதல் கரு. இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, பிள்ளையைச் சுமந்தால் நீ மிஞ்சமாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சித்தாய்க்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள். மூன்றாவதைச் சுமக்க இடுப்பிலும் தெம்பில்லை, மனசிலும் இடமில்லை. முடித்துக்கொண்டு வெளியே வந்தவளுக்குத் தலைச்சுமையை இறக்கி வைத்தமாதிரி இருந்தது. வெகுநாள் கழித்துப் பசி எடுத்தது. ரோட்டுக்கடையில் சால்னா ஊற்றி இரண்டு புரோட்டா தின்றாள். அதை யாரோ பார்த்துவிட்டு வந்து அளத்துக் குடியிருப்பு முழுக்கச் சொன்னார்கள்.

துயர்மானியைக் கண்டுபிடித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. துக்கம் நெஞ்சை அடைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், இரத்தத்தில் சில சுரப்புகளை ஏற்றும். அதைத் தோல் வழியாகப் படித்து நீலம் காட்டுகிற பட்டை அது. கருக்கலைப்புக்குப் பிறகு எந்தப் பெண் உள்ளுக்குள் உடைந்து கிடக்கிறாள் என்று அறிந்து அவளுக்கு உதவத்தான் செய்தார்கள். நீலக்காரிக்குச் சம்பளத்தோடு துயர்விடுப்பு. வெள்ளைக்காரிக்கு மறுநாள் வேலை. சட்டத்தில் இவ்வளவுதான் இருந்தது. மீதியை ஊர் எழுதிக்கொண்டது. நீலம் என்றால் தாய்மனசு உள்ளவள். வெள்ளை என்றால் கல்நெஞ்சுக்காரி. பைப்படியில் வெள்ளைக் கைக்காரி குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை ஒரு முழம் நகர்த்தி வைத்தார்கள்.

பேச்சித்தாய் பழைய துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு லித்திய அளத்துக்கு நடந்தாள். உலகத்து வண்டிகளுக்கெல்லாம் மின்கலன் செய்ய லித்தியம் வேண்டும், லித்தியத்துக்கு இந்தக் கரிப்புத் தண்ணீர் வேண்டும், தண்ணீரைக் காய்ச்ச இந்த வெயில் வேண்டும். பாத்தியில் படிந்த உப்பை வாருவதற்கு எந்திரம் விட்டுப் பார்த்தார்கள். உப்பு தின்று ஒரே வருசத்தில் பல்லிளித்தது. எந்திரம் துருப்பிடிக்கும், பொம்பளை துருப்பிடிக்கமாட்டாள் என்பது கம்பெனியின் முடிவு. சுமந்து கரையேற்ற மட்டும் சுமைநடையன் என்கிற ஆறுகால் வண்டி இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்குக் குடை உண்டு. காலில் கரிப்பு படாது.

முழங்கால் தண்ணீரில் நின்று வாருபலகையை இழுத்த ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் அடிவயிறு கூடவே வந்தது. தொடையில் வழிந்த இரத்தத்தை உப்புத்தண்ணீர் தொட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். வலியைப் பற்றி மனசு யோசிக்கவே இல்லை. சுயம்புக்கனி இந்நேரம் களி தின்று முடித்திருப்பாள். மின்விசிறி ஓடும். அவள் புருசன், கொழுந்தன் லிங்கதுரை, மத்தியானம் வரும்போது பிச்சிப்பூ வாங்கி வருவான். எனக்கும் ஒருத்தன் வாய்த்திருக்கிறானே, சேர்மராஜ், "வலிக்குதாட்டி"ன்னு ஒரு வார்த்தை கேட்டானா? ஒரே மாத்திரை, ஒரே வலி. அவளுக்குக் கட்டில், எனக்குப் பாத்தியா?

சாயங்காலம் வீடு திரும்பியபோது வாசலிலேயே கண்டாள். இசக்கியம்மாள் சுயம்புக்கனியின் காலை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் இரண்டு பிள்ளை பெற்றவள். ஒரு தடவையும் அந்தக் கை அவள் காலைத் தொட்டதில்லை.

நெஞ்சில் ஏதோ ஒன்று வந்து அடைத்தது. காது சூடாகியது.

"ஐயோ, என் தாயீ!" என்று இசக்கியம்மாள் எழுந்து ஓடிவந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது பேச்சித்தாயின் மணிக்கட்டை. பட்டை நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் நீலம் ஊறிக்கொண்டிருந்தது. "உள்ளுக்குள்ளயே வச்சு மருகிட்டு இருந்திருக்கியே. நான் ஒரு பாவி, புரோட்டா அது இதுன்னு பேசிட்டேன். உக்காரு, உக்காரு."

பேச்சித்தாய்க்கு என்ன நடந்ததென்று புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவளுக்கும் களி வந்தது. பைப்படியில் அவள் குடத்துக்குப் பக்கத்தில் நாலு குடம் வந்து ஒட்டின. ஆனால் ஒரு சிக்கல். களி தின்று, காலை நீட்டி, நன்றாகத் தூங்கி எழுந்தால் பட்டை வெளுக்கத் தொடங்கியது. நிம்மதி வந்தால் நீலம் போய்விடும். நீலம் போனால் பாத்திக்குப் போகவேண்டும்.

ஆகவே அவள் வேலை செய்தாள். படுத்தபடியே, கண்ணை மட்டும் வைத்துச் செய்கிற வேலை. சுயம்புக்கனியின் கிண்ணத்தில் எண்ணெய் கூடுதலாக மிதக்கிறதா என்று பார்த்தாள். அவள் குதிகாலில் வெடிப்பே இல்லாததைப் பார்த்தாள். அவள் தலையில் பூ வாடுவதற்குள் வேறு பூ வருவதைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மனசுக்குள் வாரிக் குவித்தாள். பட்டை கறுத்த நீலமாகப் பளபளத்தது. பொறாமை ஊறுகிற ஊற்று என்று தெரிந்தது, இறைக்க இறைக்க வந்தது. கடைசியில் வேறெதுவும் மிச்சமில்லாதபோது அந்தப் பெண்ணின் கண்ணீரைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். எனக்கு ஏன் அது வரவில்லை? நான் என்ன மரக்கட்டையா?

ஒரு மத்தியானம், மாமியார் இல்லாத நேரம், சுயம்புக்கனி சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அக்கா, நீங்க அன்னைக்கு சிரிச்சிட்டுல்லா வந்திய? இப்ப என்ன திடீர்னு?"

"ஏன், எனக்கு மட்டும் வருத்தம் வரக்கூடாதா?"

"வரலாம். ஆனா உங்களுக்கு வரலன்னு எனக்குத் தெரியும். நான் ராத்திரில அழுவேன். நீங்க குறட்டை விடுதிய."

பேச்சித்தாய்க்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. சுயம்புக்கனியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"ஒரு பொட்டு வருத்தம் இல்லட்டி" என்றாள் பேச்சித்தாய். "சத்தியமா. பாரம் எறங்குன மாதிரிதான் இருக்கு. எனக்கு நீலம் வந்தது உன்னப் பாத்து. உன் கிண்ணத்தப் பாத்து."

சுயம்புக்கனி திரும்பிப் படுத்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தாள் பேச்சித்தாய். அவள் சண்டை போடவில்லை.

"நான் அதுக்குப் பேரு வச்சிட்டேன் அக்கா. யார்ட்டயும் சொல்லல. அது போனதுக்குத்தான் அழுதேன். ஆனா உங்கள நெனச்சும் வயிறு எரிஞ்சுது. எனக்கு ஒண்ணு கூடத் தங்கல. நீங்க ஒண்ண வேண்டாம்னு போட்டுட்டு புரோட்டா தின்னுட்டு வாரிய. என் நீலத்துல எது எவ்வளவுன்னு எனக்கே தெரியாது."

ஒரே கதவு வழியாகத்தான் இருவரும் உள்ளே போனார்கள். வெளியே வந்து சேர்ந்த இடம் வேறு வேறு. அதில் எதுவும் தப்பு என்று அன்றைக்கு இருவருக்கும் தோன்றவில்லை.

மழை தொடங்கி அளத்தில் வேலை நிற்பதற்குள் சுயம்புக்கனியின் பட்டை வெளுத்துவிட்டது. அழுது முடித்திருந்தாள். எப்போதாவது அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொள்வாள், அவ்வளவுதான். பேச்சித்தாயின் நீலம்தான் குடியிருப்பிலேயே நெடுநாள் நின்றது. மையத்திலிருந்து வந்து படம்கூட எடுத்துப் போனார்கள்.

அடுத்த கோடையில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடந்தன. சுமைநடையன் ஓட்ட மேற்பார்வையாளர் பேச்சித்தாயைத் தேர்ந்தெடுத்தார். அதே மாதம் அவளுக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. கர்ப்பிணியை வண்டி ஏற விடமாட்டார்கள். இந்த இடம் போனால் இனி வாருபலகைதான், சாகும்வரை.

மையத்தில் நர்ஸ் பியூலா அவள் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"உனக்குச் செய்யக் கூடாதே பேச்சித்தாய். போன தடவை நீ எவ்வளவு உடைஞ்சு போயிட்ட! நெடுநாள் நீலத்துல கிடந்தவங்களுக்கு ரெண்டாவது தடவை கிடையாது. புது விதி. உங்க நல்லதுக்குத்தான்."

"அது வருத்தம் இல்ல சிஸ்டர்." பேச்சித்தாய் குரலைத் தாழ்த்தினாள். "பொறாம."

"என்னது?"

"என் ஓரகத்தியப் பாத்துப் பொறாம. அவளுக்குக் களி குடுத்தாவ, எனக்குக் குடுக்கல."

நர்ஸ் பரிதாபமாகச் சிரித்தாள். "துக்கம் தாங்க முடியாம இப்படித்தான் எதையாவது சொல்லத் தோணும். பொறாமைக்குன்னு எந்திரத்துல நிறம் ஏது?"

"நீங்கதான் வைக்கலியே!"

வெளியே காத்திருந்த சுயம்புக்கனி உள்ளே வந்து சொல்லிப் பார்த்தாள். பயனில்லை. கடைசியில் நர்ஸ் ஒரு வழி சொன்னாள். பட்டையை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார வேண்டும். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வெள்ளையாகவே இருந்தால், மனம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மாத்திரை கொடுக்கலாம்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. பேச்சித்தாய் குடை நிழலை நினைத்தாள். கரிப்பு படாத காலை நினைத்தாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஒரு இளம்பெண் மாத்திரை உறையோடு வெளியே வந்தாள். துயர்மானி அப்போதுதான் மாட்டிய புதுசு, பால்வெள்ளை. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, கைப்பையைத் திறந்து, மாத்திரையை ஒரு சில்லறைக்காசைப் போடுவதுபோல உள்ளே போட்டாள்.

பேச்சித்தாய் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள்ளும் அந்தக் கைப்பை தெரிந்தது.

"அக்கா, என்னய பாருங்க. வேற எதையாச்சும் நெனங்க" என்று சுயம்புக்கனி அவள் கையைப் பிடித்தாள். அவளுடைய கை குளிர்ச்சியாக, சாந்தமாக இருந்தது. அழ வேண்டியதை அழுது தீர்த்தவளின் கை. இவளுக்கு மட்டும் எல்லாம் முறையாக வருகிறது, வரவேண்டிய நேரத்தில் வருகிறது, போகவேண்டிய நேரத்தில் போகிறது. பேச்சித்தாய் கையை உதறினாள். காலம் கடந்துவிட்டது. நீலம் விளிம்புவரை ஏறி நின்றது.

நர்ஸ் பியூலா வந்து அவள் தலையைத் தடவினாள். பேச்சித்தாயின் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அழாதம்மா. உன் வேதனை எங்களுக்குப் புரியுது. குழந்தை பிறக்கிற வரைக்கும் துயர்விடுப்பு, முழுச் சம்பளம். நீ அளத்துப் பக்கமே போகவேண்டாம். வீட்டுல நல்லாப் படுத்து எழும்பு."

வாசல் வரை போயிருந்த இளம்பெண் அதைக் கேட்டு நின்றாள். அவள் அளத்துப் பெண்தான். குதிகால் வெடிப்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. நாளைக் காலையில் சங்கு ஊதியதும் அவள் பாத்தியில் இறங்கியாக வேண்டும். அவள் பேச்சித்தாயை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். தலையைத் தடவும் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை பேச்சித்தாய்க்குத் தெரியும். தானே வாரிக் குவித்த பார்வை.

"ஏ பிள்ள, வேண்டாம், இங்க பாக்காத. போ, போயிரு!" என்று பேச்சித்தாய் கத்தினாள்.

அந்தப் பெண் போகவில்லை. அவள் மணிக்கட்டில், பால்வெள்ளையின் நடுவில், ஊசிமுனை அளவுக்கு நீலம் விழுந்திருந்தது.